துண்டுக்குள் எத்தனை விரல்?

மனிதர்களில் ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று ஓர் இனம் உண்டு. மழை பெய்தால் அவருக்கு அப்பவே தெரியும். பெய்யாமல் போனாலும் அப்பவே தெரியும். பாலாற்றில் வெள்ளம் வந்தது, மதராஸ் மெயில் குடியாத்தத்தில் இரண்டு மணி நேரம் படுத்துக்கொண்டது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்தது, அமைந்த வரன் தட்டிப்போனது, இவையெல்லாம் நடப்பதற்கு முதல் நாளே அவரிடம் வந்து உத்தரவு வாங்கிக்கொண்டு போயிருக்கும். “அப்படியானால் முன்னாடியே சொல்லியிருக்கலாமே?” என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டுப் பாருங்கள். ஒரு கண்ணை மூடி, உதட்டை ஒரு பக்கமாக இழுத்து, உங்கள்மேல் இரக்கப்பட்டு, “சொன்னா நீ நம்பியிருப்பியா?” என்பார்.

இந்த இனம் எல்லா ஊரிலும் வளரும். ஆம்பூரில் வளர்ந்ததற்குப் பெயர் ஆதிகேசவன். நசீர் அகமது சாயபுவின் தோல் மண்டியில் தரம் பிரிக்கும் வேலை. அந்த வேலையில் மட்டும், உள்ளதைச் சொல்லவேண்டும், அவருக்கு நிஜமாகவே எல்லாம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆட்டுத்தோலை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு இழுப்பார். இது கடப்பைப் பக்கத்து ஆடு, மழைக்காலத்தில் அறுத்தது, வலது தொடையில் முள் கிழித்த தழும்பு, உப்புப் போட்டவன் சோம்பேறி என்று ஜாதகம் சொல்லிவிடுவார். தப்பாது. தப்பாததுதான் வந்த வினை. கல்யாணம், வழக்கு, வானம், அடுத்த வீட்டுச் சண்டை எல்லாமே தோல்தான், தன் இரண்டு விரலுக்கு நடுவில் எல்லாம் அகப்படும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

இப்படிப்பட்டவரை நீங்களும் நானும் சமாளித்துவிடலாம். எதிரில் வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடலாம். கட்டிக்கொண்டவள் எந்தத் தெருவில் திரும்புவாள்?

அவளுக்குப் பெயர் கெங்கம்மாள். வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்பவள். கல்யாணமாகி எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் அவளை ஆச்சரியப்படுத்தும் ஒரு காரியத்தை அவர் நடக்க விட்டதில்லை. தீபாவளிக்குப் புடவை வாங்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வருவார். அவள் கயிற்றை அவிழ்ப்பதற்குள், “கத்திரிப்பூ கலரு, மாங்கா பார்டர். பாத்தியா, பிரிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்” என்பார். வாங்கியவரே அவர்தான். அதற்கென்ன? சொன்னது சொன்னதுதானே! அவள் தங்கைக்கு ஆண் குழந்தை பிறக்கும் என்று அடித்துச் சொன்னார். பெண் பிறந்தது. “எனக்கு அப்பவே தெரியும். சொன்னா நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான் மாத்திச் சொன்னேன்” என்றார். மனசு கஷ்டப்பட அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை.

கெங்கம்மாளுக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. ஏதாவது ஒரு விஷயம், ஒரே ஒரு விஷயம், முடிவு தெரியாமல் கண்ணெதிரே நடக்கவேண்டும். வயிற்றில் ‘திக்’ என்று இருக்கவேண்டும். “ஐயோ!” என்று வாய்விட்டுக் கத்தவேண்டும். அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குப் பயாஸ்கோப்பு வந்தது.

ஆம்பூர் ரயிலடிக்குப் பக்கத்து மைதானத்தில் கூடாரம் அடித்தார்கள். நடுவில் மூங்கில் தட்டி வைத்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தரையில் ஆற்று மணல், பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் கனவான்களுக்கு நாலு நாற்காலி. அந்தக் காலத்துப் படம் பேசாது. ஆட்கள் வாயை வாயை அசைப்பார்கள். நடுநடுவே இங்கிலீஷில் எழுதிய அட்டை வந்து போகும். அதை நமக்குத் தமிழில் சொல்லக் கூடாரக்காரர் ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். அரக்கோணத்துப் பையன், பெயர் வேதாசலம். திரைக்குப் பக்கத்தில் தகரக் குழலோடு நின்றுகொண்டு, ராஜாவுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல், குதிரைக்கு ஒரு குரல் என்று தொண்டை கிழியக் கதை சொல்லுவான்.

வந்த படம் மோசடிப் படம். இரண்டு எத்தர்கள்: ஒருவன் தொப்பிக்காரன், இன்னொருவன் மீசைக்காரன். ஒரு பணக்காரச் சீமாட்டியின் வைர மாலையை அடிப்பதற்காக இருவரும் பிரபுக்கள் மாதிரி வேஷம் போட்டு அவள் மாளிகையில் நுழைகிறார்கள். விருந்து, நாட்டியம், பொய்க் கடிதம், கள்ளச் சாவி. கடைசியில் மீசைக்காரன் கூட்டாளியையே போலீசில் மாட்டிவிட்டு மாலைப் பெட்டியோடு ரயிலேறிவிடுகிறான். ரயிலில் பெட்டியைத் திறந்து பார்க்கிறான், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறான், தோள்கள் குலுங்குகின்றன. “ஹா ஹா ஹா!” என்று வேதாசலம் குழலில் சிரிப்பான். அப்புறம் மாளிகை ஜன்னலில் சீமாட்டி நிற்கிறாள், வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு இலேசாகச் சிரிக்கிறாள். படம் முடிந்தது.

இவ்வளவையும் முதல் நாள் ஆட்டத்தில் வேதாசலம் சொல்வதற்கு முன்னால் சொன்னவர் யார்? தட்டிக்கு அந்தப் பக்கம் மணலில் சம்மணம் போட்டிருந்த ஆதிகேசவன்தான்.

தொப்பிக்காரன் வந்தவுடனே, “இவன் ஏமாறப் போறான், பாரு” என்றார். மீசைக்காரன் மேஜைக்கடியில் தொப்பிக்காரன் கையைப் பிடித்து அழுத்தினான். “சிநேகம்! பிரியாத சிநேகம்!” என்று வேதாசலம் உருகினான். “சிநேகமாவது மண்ணாவது! நாங்க மண்டியில பாக்காத விரலா? அவன் கழுத்தறுக்கப் போறான்யா!” என்று ஆதிகேசவன் முழங்கினார். கூட்டம் ஆரவாரித்தது. அப்புறம் ஜனங்கள் குழலைக் கேட்கவில்லை, ஆதிகேசவனைத்தான் கேட்டார்கள். அவர் ஒரு காட்சி முன்னால் போனார். வேதாசலம் பின்னால் ஓடினான். தட்டிக்கு இந்தப் பக்கம் கெங்கம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பார்த்தாள். காதைப் பொத்தினால் புருஷன் குரல் நிற்குமா? எட்டு வருஷப் பழக்கம், விரலிடுக்கு வழியாக வந்தது.

மறுநாள் காலையில் மண்டி முழுக்க, கடைத்தெரு முழுக்க, மீசைக்காரன்தான் துரோகி என்பது தெரிந்துவிட்டது. இரண்டாம் நாள் கூடாரத்தில் பாதி மணல் காலி. மூன்றாம் நாள் கனவான்களின் நாற்காலியில் ஒரு பூனை படுத்திருந்தது.

நாலாம் நாள் காலை வேதாசலம் வழக்கம்போல கெங்கம்மாள் வாசலில் வந்து குந்தினான். இலையில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

“இன்னா தம்பி, சட்னி காரமா?”

“சட்னி நல்லாத்தான் கீது அக்கா. வேலைதான் போவுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள கூட்டம் வரலேன்னா ஊர் போய்ச் சேருன்னு முதலாளி சொல்லிட்டாரு. அந்த ஆள் யாருக்கா? முன்கூட்டியே அப்படியே புட்டுப்புட்டு வெக்கிறாரே! மந்திரமா?”

“அந்த ஆள் என் வீட்டுக்காரர்.”

வேதாசலத்துக்குப் புரையேறியது. அவள் தண்ணீர் கொடுத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு காகிதத் துண்டைக் கொண்டுவந்தாள். “நேத்து சட்டை தோய்க்கும்போது பாக்கெட்டுல இருந்திச்சி. இன்னான்னு பாரு.”

ரோஜா நிறத்தில் பாதி கிழிந்த டிக்கெட். வேதாசலம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எங்க சீட்டுதான். ஆனா இங்க பச்சைச் சீட்டு இல்ல குடுக்குறோம்? ரோஸ் கலரு வேலூர்ல குடுத்தது. போன வாரம் அங்கதான் ஓட்டினோம், இதே படத்தை.”

போன வாரம் ஆதிகேசவன் மண்டி வேலையாக வேலூர் போயிருந்தார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கெங்கம்மாளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. எட்டு வருஷமாக ஒரு தீர்க்கதரிசியோடு குடித்தனம் செய்கிறோம் என்றல்லவா பயந்துகொண்டிருந்தாள்!

“தம்பி, படம் பேசாது. நீதான பேசுற?”

“ஆமாங்க்கா.”

“அட்டையில எழுதியிருக்கறதை யாராவது படிக்கிறாங்களா?”

“எங்கக்கா? பழைய பிலிம். மழை பெஞ்ச மாதிரி கோடு. எனக்கே பாதி தெரியல, மனப்பாடமா சொல்றேன்.”

“அப்ப மாத்திச் சொல்லு. மீசைக்காரன் திருடன் இல்ல, திருடனைப் புடிக்க மாறுவேஷத்துல வந்த போலீசுன்னு சொல்லு. யார் கேக்கப் போறாங்க?”

வேதாசலத்தின் முகத்தில் விளக்கு ஏறியது, உடனே இறங்கியது. “இன்னா சொன்னாலும் அவர் நடுவுல கத்துவாரே.”

“கத்தாம இருக்க வழி கீது” என்றாள் கெங்கம்மாள். வழியையும் சொன்னாள். பிறகு அவனுக்கு இன்னொரு இட்லி வைத்துக்கொண்டே, மூன்று நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டாள்: “அது சரி, அந்தச் சீமாட்டி கடைசியில எதுக்கு தம்பி சிரிக்கிறா? மாலையைப் பறிகொடுத்தவ மாரடிச்சி அழுவ வேணாம்?”

“தெரியலக்கா. அந்த அட்டையே அழிஞ்சி போச்சி” என்றான் அவன். ஆனால் கையலம்பும்போது தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

தோல் மண்டியில் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரெதிரே நிற்பார்கள். இருவர் கைமேலும் ஒரு துண்டு விழும். துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து அழுத்துவார். இத்தனை விரலுக்கு இத்தனை ரூபாய். சுற்றி ஐம்பது பேர் நின்றாலும் ஒருவருக்கும் விலை தெரியாது. துண்டு போட்டுக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்கிற மண்டிக்காரன் ஆம்பூரில் பிறக்கவில்லை.

அன்று பத்து மணிக்கு வேதாசலம் மண்டிக்கே போய்விட்டான். தோல் கட்டுகளுக்கு நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “அண்ணாத்தே, வேலூர்ல ஓடின படம் வேற. இதுல இன்னிக்கித்தான் கடைசிச் சுருள் முழுசா வந்திருக்கு. இன்னிக்கி எல்லாரையும் ஏமாத்துறது யாருன்னு இப்பவே சொல்லுவீங்களா?”

‘வேலூர்’ என்றதும் ஆதிகேசவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “வேலூரா? நான் எங்க வேலூர்ல படம் பாத்தேன்?” என்றார் அவசரமாக. அப்படி யாரும் கேட்கவே இல்லை.

“வாயால வேணாம். துண்டு போட்டுச் சொல்லுங்க. ஒரு விரல்னா தொப்பிக்காரன், ரெண்டுன்னா மீசைக்காரன், மூணுன்னா சீமாட்டி. நீங்க சொன்னது சரியா இருந்தா என் குழலை உங்க கையில குடுத்துட்டு அரக்கோணத்துக்கு ரயிலேறிடறேன். ஆனா படம் முடியறவரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது.”

நசீர் அகமது சாயபு சிரித்துக்கொண்டே தன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். “அரே ஆதிகேசவன், இன்னா யோசனை? உனக்குத்தான் அப்பவே தெரியுமே! கையை நீட்டுப்பா.”

கை நீண்டது. துண்டு விழுந்தது. உள்ளே ஆதிகேசவன் அழுத்தமாகப் பிடித்தார். வேதாசலம் தலையாட்டினான். துண்டு எழுந்தது. வெளியே ஐம்பது பேர் மூச்சை விட்டார்கள்.

நீங்கள் ஆம்பூர்க்காரரானால் அன்று சாயங்காலம் எங்கே இருந்திருப்பீர்கள்? அங்கேதான் எல்லோரும் இருந்தார்கள். தோல் மண்டியே மூடிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுச் சவுரியம்மாள் தன் கைக்குழந்தையோடு, மாமியாரோடு, மாமியாரின் சண்டைக்காரியோடு வந்து தட்டி ஓரம் உட்கார்ந்தாள். நாற்காலிப் பூனைக்கு இடமில்லை. கூடாரக்காரர் வாசலில் நின்று வேதாசலத்தின் முதுகைத் தட்டினார். முந்தின நாள் அதே கையால்தான் வாசலைக் காட்டியிருந்தார்.

படம் ஆரம்பித்தது. தொப்பிக்காரன் வந்தான். ஆதிகேசவன் வாயைத் திறந்தார், பக்கத்திலிருந்த நாலு பேர் “உஸ்!” என்றார்கள். மூடிக்கொண்டார். மேஜைக்கடியில் கை அழுத்திய காட்சி வந்தது. அவர் மணலை இரண்டு கையாலும் அள்ளிப் பிசைந்தார். கள்ளச் சாவி வந்தபோது துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டார். பாவம், பிரசவ வலி.

தட்டிக்கு இந்தப் பக்கம் கெங்கம்மாள் கையைக் காதிலிருந்து எடுத்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷன் குரல் இல்லை. என்ன அமைதி! படச் சுருள் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. ஆனால் அந்த அமைதியில் உட்கார்ந்ததும் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. மீசைக்காரன் போலீஸ் என்ற முடிவு அவளே கட்டிக்கொடுத்தது. ஊருக்கெல்லாம் ஆச்சரியம் செய்துவைத்தவளுக்கு ஆச்சரியம் இல்லை! புருஷன் கெடுக்காததைத் தானே கெடுத்துக்கொண்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. ‘எனக்கும் அப்பவே தெரியும்’ என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

தொப்பிக்காரனைப் போலீசார் பிடித்துப் போனார்கள். இதோ, இந்த இடத்தில்தான் வேதாசலம் சொல்லவேண்டும். அவள் காத்திருந்தாள். வேதாசலம் சொல்லவில்லை. மீசைக்காரன் ரயிலேறினான். அப்போதும் சொல்லவில்லை. பையன் மறந்துவிட்டானா? குழல் அடைத்துக்கொண்டதா? மீசைக்காரன் பெட்டியைத் திறந்தான். முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

குழலிலிருந்து சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. “ஐயோ! கண்ணாடி! அத்தனையும் கண்ணாடிக் கல்! நான் ஒரு முட்டாளை ஏமாற்றினேன். என்னை ஏமாற்றியது யார்? யார்?”

திரையில் ஜன்னல். ஜன்னலில் சீமாட்டி. வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு இலேசாகச் சிரித்தாள்.

“நான்தான்!” என்றது குழல், பெண்குரலில், மெதுவாக. “நிஜ மாலை என் பாட்டனார் காலத்திலேயே விற்றாகிவிட்டது. ஊருக்குத் தெரிந்து மானம் போவதற்குள் இந்தக் கண்ணாடியைத் திருட ஒரு திருடன் வரமாட்டானா என்று மூன்று வருஷம் விருந்து வைத்தேன். இரண்டு பேராக வந்தீர்கள். போய் வாருங்கள்!”

“ஐயோ!” என்று கெங்கம்மாள் கத்தினாள். கத்தியது மட்டுமல்ல, பக்கத்திலிருந்த சவுரியம்மாளின் மாமியார் கையைப் பிடித்து நெரித்துவிட்டாள். அந்த அம்மாளும் கத்தினாள். தட்டி ஆடியது. அந்தப் பக்கம் ஆண்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். அவள் வயிற்றில் ‘திக்’ என்று இருந்தது. அது அப்படியே மார்புக்கு ஏறி, தொண்டைக்கு வந்து, சிரிப்பாகக் கொட்டியது. பாவிப் பையன்! அவளோடு சேர்ந்து திட்டம் போட்டு, அவளையே ஏமாற்றிவிட்டான்!

விளக்குப் போட்டார்கள். நூறு முகங்கள் ஆதிகேசவன் பக்கம் திரும்பின.

“இன்னா கேசவா, துண்டுக்குள்ள எத்தனை விரலு?”

ஆதிகேசவன் வாயிலிருந்த துண்டை எடுத்தார். உதறினார். தோளில் போட்டார். ஒரு கண் மூடிற்று; உதடு ஒரு பக்கம் இழுத்தது.

“மூணு” என்றார். “எனக்கு அப்பவே தெரியும்.”

வேதாசலத்தின் கையிலிருந்த குழல் சாய்ந்தது. துண்டுக்குள் பிடித்தது இரண்டு விரல்தான்; அவன் விரல் இன்னும் வலித்தது. வாயைத் திறந்தான். அதற்குள் நசீர் அகமது சாயபு அவன் தோளில் கைவைத்தார். “தம்பி, துண்டுக்குள்ள பிடிச்ச விரலை வெளிய சொல்ற வழக்கம் எங்க தொழில்ல கிடையாது. சொன்னவனோட அப்புறம் யாரும் கை கோக்க மாட்டான். அவர் மூணுன்னா மூணுதான்.” சொல்லிவிட்டுச் சாயபு தாடியைத் தடவிக்கொண்டார். தாடிக்குள் என்ன நடந்தது என்பது துண்டுக்குள் நடந்தது மாதிரிதான், வெளியே தெரியவில்லை.

“அப்ப கேசவன் ஜெயிச்சிட்டாரு! குழலை அவருகிட்ட குடுங்கப்பா! நாளைக்கி அவரே கதை சொல்லட்டும்!” என்று கூட்டம் கூச்சல் போட்டது.

குழலை நீட்டினான் வேதாசலம். ஆதிகேசவன் அதைப் பார்த்தார். தகரக் குழலைப் பிடித்தவர் படம் நடக்க நடக்கச் சொல்லவேண்டும்; நடந்து முடிந்த பிறகு சொல்ல முடியாது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“சின்னப் பையன், பொழச்சிப் போவட்டும்” என்றார் பெருந்தன்மையாக. “இன்னும் ஒரு வாரம் ஓட்டு. நான் தினம் வந்து பாத்துக்கறேன்.”

தினம் வரத்தான் வந்தார். ஊரும் வந்தது. ‘இன்றைக்குத் திருடன் யார்?’ என்று கூடாரக்காரர் வாசலில் தட்டி எழுதி வைத்துவிட்டார். ஒருநாள் தொப்பிக்காரன், ஒருநாள் சமையல்காரன், ஒருநாள் ரயில் டிரைவர். எல்லாமே ஆதிகேசவனுக்கு அப்பவே தெரியும். ஆட்டம் முடிந்ததும் சொல்லிவிடுவார்.

அது பிறகு. அன்று இருவரும் ரயிலடிப் பாதையில் வீட்டுக்கு நடந்தார்கள். ஆதிகேசவன் முன்னால், கெங்கம்மாள் பின்னால். சீமாட்டி நடந்த நடையிலேயே தனக்குப் புரிந்துவிட்டது, அந்தக் கழுத்தை வைத்திருந்த விதம் ஒன்றே போதும் என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். பாதி வழியில் அவரே அதை நம்பிவிட்டார். இரண்டு விரல் என்பது எங்கோ யாரோ பிடித்தது.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கெங்கம்மாளின் முந்தானை முடிச்சில் அந்த வேலூர் ரோஜாநிறச் சீட்டு இருந்தது. அதை எடுத்து நீட்டினால் போதும், அந்த இடத்திலேயே கணக்குத் தீர்ந்துவிடும். அவள் முடிச்சைத் தொட்டாள், அவிழ்க்கவில்லை. வயிற்றில் இன்னும் அந்த ‘திக்’ இருந்தது. அதை வீணாக்க மனமில்லை.

அவர் நின்றார். “எதுக்குச் சிரிக்கிற?”

“உங்களுக்குத்தான் அப்பவே தெரியுமே!” என்றாள்.

ஆதிகேசவன் வாயைத் திறந்தார். தெரியாது என்று எப்படிச் சொல்வது? மூடிக்கொண்டார். வீடு வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். அவர் தெரிந்தவர் மாதிரி தலையாட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “அந்தச் சீமாட்டி சிரித்தபோதே இப்படித்தான் முடியும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று” என்கிறீர்களா? நல்லது. கூடாரத்தில் ஆதிகேசவனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மணல் காலியாக இருக்கிறது. போய் உட்காருங்கள். நகர்ந்து இடம் விடச் சொல்லி அவரைக் கேட்கவும் வேண்டாம். நீங்கள் வருவீர்கள் என்று அவருக்கு அப்பவே தெரியும்.